நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. பதினொரு மணிக்கு விசாரணை என்று கடிதம் போய் ஒரு மாதமாகிறது, இப்போது மணி பதினொன்று பதினேழு, கணினித் திரையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்குப் பின்னால் வெள்ளையடித்து நாளான சுவர், சுவரில் ஏதோ நூல் கடையின் காலண்டர், காலண்டருக்குக் கீழே துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டங்கள் நாலைந்து சாய்ந்து நிற்கின்றன, ஆளைக் காணோம். தில்லைநாயகம் முதுகு சாயாமல் உட்கார்ந்து அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்புரிமை அலுவலகத்தில் இருபத்து நான்கு வருஷ சர்வீஸ், ஒரு விசாரணைக்கும் அவர் ஒரு நிமிஷம் தாமதித்ததில்லை, தாமதித்தவர்களை மன்னித்ததும் இல்லை. திரையின் இன்னொரு கட்டத்தில் விண்ணப்பதாரருடைய ஏஜென்ட் ஸ்ரீவத்சன், டை கட்டிக்கொண்டு, தலைக்குப் பின்னால் கனத்த சட்டப் புத்தகங்கள் அடுக்கிய அலமாரியோடு. அலமாரி நிஜமில்லை, மனுஷன் தலையை ஆட்டும்போதெல்லாம் காதோரம் புத்தகங்கள் கரைந்து அவர் வீட்டு வாஷிங் மெஷின் எட்டிப் பார்க்கிறது. "சார், மேடம் வந்துடுவாங்க சார். திருப்பூர்ல அவங்க ஏரியால கரண்ட் கட்டாம், இன்வெர்ட்டர்ல நெட் மட்டும் ஓடுது. ஜெனரேட்டர் போடப் போயிருக்காங்க. ஒரு அஞ்சே நிமிஷம் சார்." இதை அவர் சொல்வது மூன்றாவது தடவை. வாஷிங் மெஷினை மறைக்கத் தெரியாதவர் இன்னொருத்தியின் கண்டுபிடிப்புக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறார். தில்லைநாயகம் தன் பக்கத்து மைக்கை அணைத்தார். அணைத்துவிட்டுக் காலை நீட்டியபோது மேசைக்கு அடியிலிருந்த ரெக்ஸின் பை கட்டைவிரலில் இடித்தது. காலை மடக்கிக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் கழித்து வந்தால் மட்டும் அந்த அம்மாள் என்ன சொல்லிவிடப் போகிறாள். ஃபைல் முழுக்க அவருக்கு மனப்பாடம். சாந்தாமணி, வயது நாற்பத்தாறு, படிப்பு பிளஸ் டூ, பனியன்களில் படம் அச்சடிக்கும் பட்டறை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் எமல்ஷன் என்கிற ஒரு கலவையைப் பூசிக் காயவைக்கிறார்கள், படத்தை அதன் மேல் வைத்து விளக்கைப் போடுகிறார்கள், வெளிச்சம் பட்ட இடம் இறுகிக்கொள்கிறது, படாத இடம் தண்ணீரில் கழுவப் போய்விடுகிறது, அந்தத் திறப்பு வழியாகச் சாயம் இறங்கிப் பனியனில் புலியோ பூவோ வருகிறது. இவ்வளவுதான் தொழில். கலவை என்பது தண்ணீரில் கரையும் ஒரு பாலிமர், அதோடு வெளிச்சத்துக்கு மசிகிற ஒரு ரசாயனம், பட்டறைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மருந்து. பூசிய சட்டத்தை இரண்டு நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது, மழைக்காலத்தில் மறுநாளே தானாக இறுகிக் கெட்டுவிடும், உலகம் முழுக்க இதே பாடுதான். சாந்தாமணி அதில் புளியங்கொட்டைப் பசையைச் சேர்த்தாள், சட்டம் மூன்று மாசம் தாங்குகிறது என்கிறாள். புளியங்கொட்டை. நாலு பக்கம் விண்ணப்பம், அதில் ஒன்றரைப் பக்கம் புளியங்கொட்டையை எப்படி அரைப்பது என்று. இதில் என்ன இருக்கிறது என்று அவர் அப்போதே நினைத்தார், இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் அறிக்கை எழுதும்போதே. புதிதாக இருந்தால் மட்டும் போதாது அம்மா, அந்தத் துறையில் தேர்ந்த ஒருவர் ஏற்கெனவே வெளிவந்திருப்பதை எல்லாம் படித்தால் தானாக அவருக்குத் தோன்றிவிடக்கூடியது என்றால் அதற்குக் காப்புரிமை கிடையாது, சட்டம் அப்படித்தான். பாலிமரும் மருந்தும் அவர் தேடியெடுத்த முதல் ஆவணத்தில் இருக்கிறது, புளியங்கொட்டைப் பசை கெட்டிப்படுத்தும் என்று இரண்டாவது ஆவணத்தில் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாந்தாமணி. புளியங்கொட்டைப் பசையை முதலில் சேர்க்காமல் கடைசியில் ஆறவைத்துச் சேர்க்கிறேன் என்கிறாளா, சேர்க்கும் வரிசையை மாற்றுவதெல்லாம் ஒரு மாற்றமா, துறை தேர்ந்தவருக்கு அது கைவந்த கலை. நாலே பாரா. எழுதி முடித்துவிட்டு அன்றைக்கு அவர் நிம்மதியாகக் காபி குடித்தார்.

நாலு பாராவில் அவர் எத்தனை பேரை முடித்து அனுப்பியிருக்கிறார். ஜப்பான்காரன் சொன்னதில் அரை சதவீதம் கூட்டிக்கொண்டு வந்தவன், அமெரிக்காக்காரன் நீலம் என்று சொன்ன இடத்தில் ஊதா என்று போட்டுக்கொண்டு வந்தவன், ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஆறு பேராசிரியர்கள் சேர்ந்து ஒரு விண்ணப்பம், அதில் ஐந்து பேருக்குப் பாலிமருக்கும் பாலிதீன் பைக்கும் வித்தியாசம் தெரியாது, ஆறாவது ஆள் தாளாளரின் மருமகன். எல்லோருக்கும் தில்லைநாயகம் கொடுத்தது ஒரே பதில், துறை தேர்ந்தவருக்கு இது தெரிந்ததே. ஆபீஸில் அவருக்குக் கத்திரி என்று பெயர், அவர் காதுபடவே சொல்வார்கள், அவருக்கு உள்ளூரப் பெருமைதான். அந்தத் துறை தேர்ந்தவர் என்கிற ஆள்மேல் அவருக்கு ஒரு பிரியம் இருந்தது. எந்தச் சட்டத்திலும் அவருடைய முகம் சொல்லப்படவில்லை, ஆனால் தில்லைநாயகத்துக்கு அவரை நன்றாகத் தெரியும். எல்லா மொழியிலும் எல்லா ஆவணத்தையும் படித்திருப்பார், ஒன்றையும் மறக்க மாட்டார், கைச்சுத்தம், சோதனைச்சாலையில் ஒரு சொட்டு சிந்த மாட்டார், சொன்ன வரிசையில் சொன்ன அளவில் செய்து முடிப்பார். சொந்தமாக மட்டும் அவருக்கு ஒன்றும் தோன்றாது. கற்பனை துளி கிடையாது, சட்டமே அப்படித்தான் அவரை உண்டாக்கியிருக்கிறது, எல்லாம் தெரிந்த, ஒன்றும் தோன்றாத மனிதர். அப்படி ஒரு ஆள் நிஜத்தில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா, அவருக்கு ஒரு பெண்டாட்டி இருந்தால் அவள் கதி என்ன என்று பத்து வருஷத்துக்கு முன்னால் பயிற்சி வகுப்பில் அவரே கிண்டலடித்திருக்கிறார், வகுப்பு சிரித்தது. சிரிப்பு ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. மணி பதினொன்று இருபத்தாறு. பை அங்கேயே இருக்கிறது, அதற்கென்ன காலா முளைத்திருக்கிறது.

பையை எதற்காகக் கொண்டுவந்தோம் என்று அவர் காலையிலிருந்தே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறியபோது மனைவி கோமளா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள், என்ன தேடறீங்க என்று கேட்கவில்லை. அவள் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. சொல்வதையும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை பாகற்காயை மோரில் ஊறவைத்துச் செய்தால் கசப்பு தெரியவில்லை என்று வந்து நின்றாள், கையில் கரண்டியோடு, முகமெல்லாம் சிரிப்பு. அமிலம் பட்டால் அப்படித்தான், இதுல என்ன இருக்கு, என்றார். அது பொய்யா, உண்மைதானே. பிறகு ஒரு தடவை மழைநாளில் துணி காயவைக்க ஏதோ ஒரு வழி, பிறகு மொட்டைமாடித் தொட்டியில் ஏதோ ஒரு வழி, ஒவ்வொரு தடவையும் அவர் காரணத்தைச் சொல்லி முடித்துவிட்டு, இதுல என்ன இருக்கு. பிறகு பாகற்காய் வரும், ஊறவைத்தாளா இல்லையா என்று தெரியாது, அவரும் கேட்கவில்லை. வீட்டில் பேச்சுக் குறைந்தது வயதானதால் என்று அவர் வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கனத்த கறுப்பு அட்டைப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டியபோது கோமளா பார்த்தாள், "ஓ, தீஸிஸா" என்றாள், துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் ஜன்னலோரம் நின்று நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். பக்க எண் தேட வேண்டியிருக்கவில்லை, அவர்தான் எதையும் மறக்காதவராயிற்றே.

மஞ்சள் விளக்கு. ஆராய்ச்சிப் பட்டத்துக்காக மூன்று வருஷம் மஞ்சள் விளக்குக்குக் கீழேதான் இருந்தார், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிய அறை, வெள்ளை வெளிச்சம் பட்டால் கலவை கெட்டுவிடும், வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும், சாப்பாட்டுக்குப் போகிற வழியெல்லாம் உலகம் நீலமாகத் தெரியும். அறைச் சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு தாள், வரிசை எண் போட்டு. தண்ணீர், பாலிமர், பசை, சூடாக்கு, வடிகட்டு, ஆறவை, கடைசியில் மருந்து. மருந்து எப்போதும் கடைசியில், இது பேராசிரியர் எட்வின் சாமிதாஸின் வேதவாக்கு. "அதைப் போட்ட நிமிஷத்துல இருந்து கடிகாரம் ஓடும்பா. போட்டப்புறம் பாத்திரத்துல வேற எதையும் போடாத. மூடு, பூசு, முடி." எந்தச் சோதனைச்சாலையிலும் அப்படித்தான், எந்தப் பட்டறையிலும் அப்படித்தான், மருந்துக்குப் பிறகு எதையும் சேர்ப்பதில்லை. புளியங்கொட்டைப் பசை சேர்க்கலாம் என்று தோன்றியது அவருக்கேதான், முப்பது வயதில், மஞ்சள் விளக்கில், எங்கோ படித்ததில்லை, தானாகத் தோன்றியது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதை நினைத்ததும் இப்போதும் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது, சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், பழக்கமில்லாததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. எழுபத்து மூன்று தடவை செய்தார். எழுபத்து மூன்று தடவையும் கலங்கியது, கஞ்சி மாதிரி, வெளிச்சம் உள்ளே போகாமல் சிதறி, படத்தின் ஓரமெல்லாம் மங்கிப் பூசினாற்போல. அளவை மாற்றினார், சூட்டை மாற்றினார், கொட்டையை வறுத்தார், வறுக்காமல் விட்டார், வடிகட்டும் துணியைக்கூட மாற்றினார். சுவரிலிருந்த வரிசையை மட்டும் தொடவில்லை. பிறகு நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரே வாக்கியம், புளியங்கொட்டைப் பசை சேர்த்த கலவை கலங்குகிறது, இதனால் பயனில்லை, கைவிடப்பட்டது. சாமிதாஸ் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டார். இதனால் பயனில்லை என்று தில்லைநாயகம் எழுதினாரே தவிர, எனக்கு வழி தெரியவில்லை என்று எழுதவில்லை. அப்படியெல்லாம் தீஸிஸில் யாரும் எழுதுவதில்லை.

ஆக, துறை தேர்ந்தவர் ஒருவர் இருந்தார். மூன்று வருஷம், அரசாங்க உதவித்தொகை, பேராசிரியர், மஞ்சள் விளக்கு, இதே பாலிமர், இதே மருந்து, இதே எழவெடுத்த புளியங்கொட்டை. அவருக்குத் தோன்றவில்லை. இதை எழுதிவிட்டால் அந்தத் திருப்பூர்க்காரிக்குக் காப்புரிமையை மறுக்க ஒரு முகாந்திரமும் இல்லை, எழுதாவிட்டால் மறுக்க ஒரு தடையும் இல்லை. தீஸிஸ் எந்த இணையத்திலும் கிடையாது, பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி, அது கரையானுக்குப் போயிருக்கும், இன்னொன்று இதோ காலடியில். யாருக்குத் தெரியப் போகிறது. பேசாமல் மறுத்துவிட்டு ஒன்றரை மணிக்குத் தயிர்சாதம் சாப்பிடலாம். அவளுக்கு நஷ்டம் என்றால் அது சட்டம் செய்த நஷ்டம், அவர் செய்தது இல்லை. அனுமதிப்பதென்றால் மேலதிகாரி கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார், கத்திரியே நாலு பாராவில் வெட்டியதைக் கத்திரியே ஒட்ட வைக்கிறதா, என்ன புதிய சான்று, அந்த அம்மாள் அழுதுவிட்டாளா. சான்று காட்டு என்பார்கள். சான்று என்றால் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்தான், ஃபைலில் வேறு ஒரு துரும்பு கிடையாது, ஸ்ரீவத்சன் இணைத்திருப்பதெல்லாம் பட்டறைத் திறப்பு விழா போட்டோக்கள். பக்கத்தை இணைத்தால் ஆசிரியர் பெயரும் சேர்ந்து வரும். கேன்டீனில் படிப்பார்கள். எல்லாருடையதையும் தெரிந்ததே தெரிந்ததே என்று வெட்டின மனுஷனுக்குத் தன் பாத்திரத்தில் இருந்தது தெரியவில்லையாம் என்பார்கள், சிரித்துக்கொண்டே டீயும் வடையும் வாங்குவார்கள். அவரும் வாங்கியிருக்கிறார், மற்றவர்களைச் சொல்லி. அந்த வகுப்புச் சிரிப்பு திரும்பவும் காதில் விழுந்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஏதோ திருடியவன் மாதிரி. திருடவில்லையே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நாலு பாராவை எழுதும்போது இந்தப் பக்கம் ஞாபகத்தில் இருந்ததா. இருந்தது. இல்லை, இருந்தது என்று சொல்ல முடியாது, வேண்டாம் என்று ஒரு மூலையில் கிடந்தது. எதையும் மறக்காதவருக்கு மூலை ஏது.

திரையில் நாற்காலி அசைந்தது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் புடவைக்கு மேல் மாட்டியிருந்தாள், முழங்கைவரை நீலச் சாயம், நெற்றியில் விபூதியும் வேர்வையும் ஒன்றாக. விசாரணைக்கு வருகிற கோலமா இது. "வணக்கமுங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க, ஜெனரேட்டரு மக்கர் பண்ணிருச்சுங்க." ஸ்ரீவத்சன் அதற்குள் ஆரம்பித்துவிட்டார், விண்ணப்பதாரரின் நீண்டகால ஆராய்ச்சி, தொலைநோக்கு, தொடர் பரிசோதனைகள், தாளிலிருந்து படிக்கிறார், படிக்கப் படிக்க வாஷிங் மெஷின் வந்து வந்து போகிறது. தில்லைநாயகம் மைக்கைப் போட்டார். "அதெல்லாம் எழுத்துல இருக்கு. நான் அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மா, பசையைக் கடைசியில போடணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு? மருந்து போட்டப்புறம் யாரும் எதையும் போட மாட்டாங்களே." ஸ்ரீவத்சன் முகத்தில் கலவரம். சாந்தாமணி சாயக் கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "தோணலீங்க சார். மறந்துட்டனுங்க." ஏஜென்ட் குறுக்கே விழுந்தார். "சார், மேடம் சொல்ல வர்றது என்னன்னா, பல ஆண்டு ஆராய்ச்சியின்போது..." "ஆராய்ச்சி கீராய்ச்சியெல்லாம் இல்லீங்க, மறந்ததுதான்" என்றாள் அவள். "எப்பவும் பசையப் பாலிமர் கூடவே போட்டுத்தான் காச்சுவனுங்க, எமல்ஷன் தண்ணியா இருக்குதே, கெட்டியாகட்டும்னு. கலங்கலாத்தான் வரும், பெரிய எழுத்துக்கு அது போதும்னு ஓட்டீட்டிருந்தமுங்க. அன்னைக்குப் பசைய மட்டும் தனியா காச்சி ஆற வெச்சிருந்தேன். அந்நேரம் பாத்து போனு, எங்க வீட்டுக்காரரு பல்லடம் ரோட்டுல வண்டியோட உழுந்துட்டாருன்னு. அந்தப் பதட்டத்துல மருந்தையும் கலக்கி மூடி வெச்சுப்போட்டு ஓடிட்டனுங்க. பொழுதோட வந்து பாக்கறேன், பசை போசியில அப்படியே இருக்குது. மருந்து போட்டத கீழ ஊத்த மனசு வரலீங்க. போனாப் போகுதுன்னு ஆறுன பசைய அதுலயே ஊத்திக் கலக்குனேன்."

"கலங்கலையா?" என்று கேட்டார் தில்லைநாயகம். கேட்ட குரல் அதிகாரியின் குரலாக இல்லை என்று அவருக்கே தெரிந்தது. "கலங்கவே இல்லீங்க. கண்ணாடியாட்ட இருந்துச்சு. நாம்பளே நம்பல. அப்பறம் பதினாறு தடவ மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தனுங்க, சூடா ஊத்துனா கலங்குது, ஆற வெச்சு ஊத்துனா கலங்கறதில்ல. எதனாலன்னு தெரியாதுங்க, ஆனா கலங்கறதில்ல. பூசுன சட்டம் ஐப்பசியில பூசுனது தை வரைக்கும் இருந்துச்சு." பதினாறு தடவை. எழுபத்து மூன்றில் பதினாறு கழித்தால் எவ்வளவு என்று மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டது, வேண்டாத வேலை. "இப்ப என்ன பிரச்சினைன்னா சார்," என்று அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள், "எங்ககிட்ட ஒரு வருசம் வாங்கிட்டிருந்த டீலரு ஒருத்தரு அதையே டப்பாவுல அடச்சு அவரு பேருல விக்கறாருங்க. கேட்டா, இதுல என்னம்மா இருக்குது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேங்கறாரு. நீங்க அனுப்புன காயிதத்தையும் எங்கியோ புடிச்சு வெச்சிருக்கறாரு, பாரு, ஆபீசரே எழுதியிருக்காருன்னு காட்டறாரு. உங்களத் தப்புச் சொல்லலீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க சார். எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா ஏனுங்க இத்தன நாளா யாருமே பண்ணல?" ஸ்ரீவத்சன் நெற்றியைத் துடைத்தார். தில்லைநாயகத்திடம் இந்தக் கேள்விக்கு நாலு தயார் பதில் உண்டு, நாலும் சட்டப்படி சரியானவை, வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறார். "ஆர்டர்ல சொல்றேம்மா" என்றார். "விசாரணை முடிஞ்சது." அவள் கும்பிட்டாள், எழுந்து போனாள், ஜெனரேட்டர் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, நாற்காலி திரும்பவும் காலி. பிறகு திரை கறுத்து அதில் அவருடைய முகம் தெரிந்தது.

மறந்துவிட்டாளாம். அவருக்குக் கோபம் வந்தது, அசல் கோபம். வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்தாராம், இவள் மறந்தாளாம், கண்ணாடியாட்ட வந்ததாம். மூன்று வருஷத்தில் அவர் எதையும் மறந்ததில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று சிதம்பரத்திலிருந்து தந்தி வந்த அன்றைக்குக்கூட வடிகட்டி, ஆறவைத்து, மருந்து கலந்து, பூசி, மூடிவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார், சாமிதாஸ் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சுவார், தில்லையைப் பாருங்கப்பா, அவன்தான் ஆராய்ச்சியாளன். போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் கை தவறிப் பசையை விட்டுவிட்டு ஓடியிருந்தால். ஓடியிருந்தால் என்ன, அப்பாவையும் பார்த்திருக்கலாம், பாத்திரமும் தெளிந்திருக்கும். இந்த நினைப்பு இத்தனை வருஷமாக எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சட்டம் கேட்பதில்லை. மறந்து கண்டுபிடித்தாலும் கண்டுபிடிப்புதான், தவம் கிடந்து கோட்டைவிட்டாலும் கோட்டைவிட்டதுதான். அவளுக்கு எதனால் என்று தெரியாது, எதனால் என்று அவருக்குத் தெரியும், இப்போது சொன்னால் பலகையில் எழுதியே காட்டுவார், சூட்டில் பசையும் பாலிமரும் ஒன்றை ஒன்று தள்ளிவிடும், ஆறினால் மருந்து நடுவில் நின்று பிடித்துக்கொள்ளும், எவ்வளவு எளிது, பளிச்சென்று தெரிகிறது. விடையைப் பார்த்த பிறகு எந்த மடையனுக்கும் தெரியும். இருபத்து நான்கு வருஷமாக அவர் செய்துகொண்டிருந்தது இதுதானா, விடையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவனுக்கு மார்க் குறைப்பது. எல்லாரும் அப்படி இல்லை, அந்த ஆறு பேராசிரியர்கள் நிச்சயம் முட்டாள்கள்தான். ஆனால் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்து, பயந்து, நிறுத்திக்கொண்டார்.

குனிந்து பையைத் திறந்தார். புத்தகத்தை மேசைமேல் வைத்து, நூற்று நாற்பத்து மூன்றைப் பிரித்துத் தண்ணீர் டம்ளரை மேலே வைத்துக்கொண்டு ஆர்டரைத் தட்ட ஆரம்பித்தார். பழக்கம் விடவில்லை, அவளுடைய ஆறு கோரிக்கைகளில் கடைசி இரண்டை வெட்டினார், கொட்டையை அரைப்பதற்கெல்லாம் உரிமை கிடையாது, ஸ்ரீவத்சனின் இலக்கணத்தைப் பற்றி ஒரு வரி எழுதி, பிறகு அதை அழித்தார். முதல் கோரிக்கைக்கு வந்தபோது விரல் நின்றது. வெளியே யாரோ வராந்தாவில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டு போனார்கள். இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு அவர்கள் சிரிக்கப் போகிற சிரிப்பு அவருக்கு இப்போதே கேட்டது, ஒவ்வொரு ஆளின் சிரிப்பும் தனித்தனியாக. எழுதினார். இத்துறையில் தேர்ந்த ஒருவர் இதே பொருள்களைக் கொண்டு மூன்று ஆண்டுகளில் எழுபத்து மூன்று முறை முயன்றும் விண்ணப்பதாரர் கண்ட வழியைக் காணவில்லை, பயனற்றது என்று கைவிட்டார், எனவே இது துறை தேர்ந்தவருக்குத் தெரிந்ததே என்ற எனது முந்தைய அறிக்கை தவறு. தவறு என்ற சொல்லை ஏற்கத்தக்கதல்ல என்று மாற்றினார். திரும்பவும் தவறு என்றே போட்டார். சான்று என்ற இடத்தில் தீஸிஸின் தலைப்பு, ஆண்டு, பக்கம். ஆசிரியர் என்ற இடத்தில் தன் பெயரை இன்ஷியலோடு தட்டினார். யாரோ ஒருவர் பெயர் மாதிரி இருந்தது. அந்த ஆள்மேல் அவருக்கு முதலில் வழக்கமான இளக்காரம்தான் வந்தது, பிறகு மஞ்சள் விளக்கில் தூங்காமல் விழித்திருந்த அந்த ஓர் இரவை நினைத்து, பாவம் என்றும் தோன்றியது. கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தை நகல் எடுக்க அவரே கீழே போனார். நகல் பிரிவில் ரெஜினா, வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகிறது, அவர் அவளிடம் இதுவரை காகிதத்தை நீட்டியதைத் தவிர வேறு பேசியதில்லை. அவள் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டினாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "சார், இது உங்க பேரு மாதிரியே இருக்கு?"

"என் பேருதான்."

"நீங்களே எழுதினதா சார்? நூத்தி நாப்பத்தி மூணா, இந்தப் பக்கந்தான? பென்சில்ல டிக்கெல்லாம் போட்டிருக்கு." அவள் அந்த இங்கிலீஷ் வரியைக் கண்ணால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்ன சார் போட்டிருக்கு இதுல?"

தில்லைநாயகம் அந்த வரியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலைன்னு போட்டிருக்கும்மா."

ரெஜினா சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியை அழுத்திப் பிடித்தாள், ஓரத்தில் வெளிச்சம் மெதுவாக இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது.